மனசு வைத்தியருக்கு நரம்புப் பரீட்சை

என் தங்கையின் பெண் அமெரிக்காவில் ஃபிலடெல்பியா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மனநோய் வைத்தியம் பயின்று வருகிறாள். போன கோடையில் ஒரு மாத லீவில் வந்திருந்தாள். லீவு என்று பெயரே தவிர, புத்தகத்திலிருந்து அவள் தலை நிமிர்ந்ததை நான் பார்க்கவில்லை. கூடத்து மேஜையெல்லாம் மூளையைக் குறுக்கே அரிந்த படங்கள். சுவரில் நரம்புகளின் பெயர்கள் எழுதிய காகிதத் துண்டுகள். சாப்பாட்டின் நடுவில் திடீரென்று நாக்கை இடது பக்கமும் வலது பக்கமும் நீட்டிப் பார்த்துக் கொள்வாள். ஏதோ பன்னிரண்டாவது நரம்பாம். புரட்டாசி மாதத்தில் அவளுக்குப் பரீட்சை. அதில் தேறினால்தான் 'போர்டு' என்கிற சபை அவளை மனநோய் நிபுணர் என்று ஒப்புக் கொள்ளும்.

என் தாயாருக்கு 86 வயது. பேத்தி படும் பாட்டைப் பத்து நாள் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, பதினோராவது நாள் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, நீ மனசு கெட்டுப் போனவங்களுக்குத்தானே வைத்தியம் பார்க்கப் போறே? வலிப்பு, பக்கவாதம், நரம்புத் தளர்ச்சி எல்லாத்துக்கும் வேறே டாக்டர் இருக்கானே! அவன் பாடத்தை நீ எதுக்கு நெட்டுருப் போடறே?"

"போர்டில் கேட்கிறாங்க, பாட்டி."

"கேட்கிறாங்கன்னா படிக்க வேண்டியதுதான். ஏன் கேட்கிறாங்க?"

பெண் சிரித்தாள். அவளுக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் நேரமில்லை. எனக்கோ நேரம் நிறைய இருந்தது, பதில்தான் தெரியாது. ஆகவே அவள் தூங்கும் வேளைகளில் அவளுடைய புத்தகங்களையும், பிறகு வேறு சில சரித்திரப் புத்தகங்களையும் புரட்டத் தொடங்கினேன். பாட்டியின் கேள்வி லேசான கேள்வியல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பெரிய பெரிய டாக்டர்கள் முட்டிக்கொண்ட கேள்வி அது.

முதலில் இந்தப் போர்டின் கதை. அமெரிக்காவில் மனநோய் வைத்தியர்களும் நரம்பு வைத்தியர்களும் சேர்ந்து 1934-ஆம் வருஷம் இந்தச் சபையை ஏற்படுத்தினார்கள். அதன் பெயரிலேயே மனநோய், நரம்பு என்ற இரண்டும் உண்டு. அதற்கு முன்னால் அந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் வாசலில் பலகை மாட்டிக்கொண்டு 'நரம்பு, மனநோய் நிபுணர்' என்று சொல்லிக் கொள்ளலாம். அதைத் தடுக்கத்தான் சபை. இரண்டு வைத்தியத்துக்கும் தனித் தனி சர்ட்டிபிகேட் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: மனநோய் வைத்தியராக வருகிறவருக்கு நரம்பு சாஸ்திரமும், நரம்பு வைத்தியராக வருகிறவருக்கு மனநோய் சாஸ்திரமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டாரைப் போல இரண்டு கட்சியும் ஒருவரையொருவர் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தி இன்னும் கலையவில்லை. இன்றைக்கும் அங்கே மனநோய் வைத்தியம் பயில்கிறவர்கள் இரண்டு மாதமாவது நரம்பு நோயாளிகளிடையே வேலை செய்தாக வேண்டும். பரீட்சையிலும் நரம்புக் கேள்விகள் உண்டு.

பரீட்சையின் முறைதான் மாறியிருக்கிறது. வெகுகாலம் வரையில் முன்பின் பார்த்திராத ஒரு நோயாளியைப் பரீட்சார்த்தியின் எதிரில் உட்கார்த்தி வைத்து, அரை மணி நேரம் பேசச் சொல்வார்கள். பரீட்சகர்கள் மூலையில் இருந்து பார்த்துக் கொண்டிருப்பார்கள். பிறகு இன்னொரு அரை மணி நேரம் குறுக்கு விசாரணை. நோயாளியைவிட டாக்டருக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கும். இந்த நூற்றாண்டில் அதை எடுத்துவிட்டு, அந்தச் சோதனையைப் பயிற்சி ஆஸ்பத்திரிகளிடமே ஒப்படைத்து விட்டார்கள். இப்போது கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சரியான விடையைத் தொட்டால் போதும். நம் பக்கத்தில் பெங்களூரிலும் 1974-ல் பழைய மனநோய் ஆஸ்பத்திரியையும் மனநல ஆராய்ச்சி நிலையத்தையும் ஒன்றாக்கியபோது, மனநலம், நரம்பு விஞ்ஞானம் என்ற இரண்டு சொற்களையும் ஒரே பெயரில் வைத்தார்கள். 'நிம்ஹான்ஸ்' என்று நாம் சொல்வது அதன் சுருக்கம்.

சரி, 1934-ல் கூடிய அந்தப் பெரியவர்கள் ஏன் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள்? அவர்களுடைய இளமைக் காலத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நிறைந்து கிடந்த ஒரு நோயின் ஞாபகம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் எந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் ஒரு மாதிரியான நோயாளியைப் பார்க்கலாம். நாற்பது வயது ஆண். வியாபாரியாகவோ பட்டாள அதிகாரியாகவோ இருந்தவர். நேற்று வரையில் காசுக் கணக்கில் கறாரான மனிதர். திடீரென்று ஒருநாள் பத்துக் குதிரைகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்பார். கேட்டால், தமக்கு நூறு கப்பல்கள் வருகின்றன என்பார். இன்னும் கொஞ்ச நாளில் தாமே சக்கரவர்த்தி என்பார். முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம்! மனைவி அழுதுகொண்டே ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விடுவாள். சில மாதங்களில் பேச்சுக் குழறும்; கை நடுங்கும்; கையெழுத்துக் கோணும். பிறகு கால் விழுந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்குள் சக்கரவர்த்தி தம் பெயரே தெரியாமல், படுக்கையிலேயே எல்லாவற்றையும் கழித்துக்கொண்டு, செத்துப் போவார்.

பாரிஸுக்கு அருகில் ஷாரன்டன் என்ற இடத்தில் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை பார்த்த அந்துவான் பேல் என்ற 23 வயது இளைஞர் இப்படி இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தார். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வு அழன்று தடித்திருந்தது. 1822-ல் அவர் துணிந்து எழுதினார்: சக்கரவர்த்தி என்ற பிரமையும், பக்கவாதமும், கடைசியில் வரும் மந்தமும் மூன்று நோய்களல்ல, ஒரே நோயின் மூன்று கட்டங்கள், அந்த நோய் மூளையில் இருக்கிறது. பெரியவர்கள் லேசில் ஒப்பவில்லை. பைத்தியம் முற்றினால் பக்கவாதமும் வந்து சேருகிறது, இதில் என்ன அதிசயம் என்றார்கள். 23 வயதுப் பையன் சொன்னதை நம்புவதற்கு எந்த சாஸ்திரத்திலும் நாளாகும்.

மேக நோய், அதாவது சிபிலிஸ், இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் மெதுவாகப் பரவியது. 1869-ல் எடின்பரோவைச் சேர்ந்த ஆர்கைல் ராபர்ட்ஸன் என்ற கண் வைத்தியர் சில முதுகுத்தண்டு நோயாளிகளின் கண்மணியில் ஒரு விந்தையைக் கண்டார். விளக்கைக் காட்டினால் கண்மணி சுருங்குவதில்லை. விரலைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்கச் சொன்னால் சுருங்குகிறது. அதே கண்மணி நம் சக்கரவர்த்திகளிடமும் இருந்தது. முதுகுத்தண்டு நோயாளிக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கைதிக்கும் ஒரே அடையாளம்! என் தங்கையின் பெண் ஒட்டி வைத்திருந்த காகிதங்களில் இந்த ராபர்ட்ஸனின் பெயரும் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் பரீட்சகர்களுக்கு அந்தக் கண்மணியின் மேல் ஆசை தீரவில்லை.

1905-ல் பெர்லினில் மேக நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். திருகாணி போல் சுருண்டது அது. அந்தக் கிருமியை மூளைக்குள்ளேயே பிடித்துக் காட்டியவர் ஹிதேயோ நோகுச்சி என்ற ஜப்பானியர். குழந்தைப் பருவத்தில் அடுப்பு நெருப்பில் விழுந்து இடது கை கருகிப் போன ஏழைப் பிள்ளை. நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். மூர் என்ற டாக்டருடன் சேர்ந்து, இந்தச் சித்தப் பிரமையால் இறந்தவர்களின் மூளைகள் எழுபதை எடுத்து, மெல்லிய சீவல்களாகச் சீவிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்தார். சிலவற்றில் திருகாணி இருந்தது. 1913-ல் அந்தச் செய்தி அச்சில் வந்ததோடு, நூறு கப்பல்களின் கதை முடிந்தது. எப்பொழுதோ வாலிபத்தில் தொற்றி, ஆறிப் போனதாக நினைத்த புண்ணின் கிருமி பத்து இருபது வருஷம் பதுங்கியிருந்து மூளையைத் தின்றிருக்கிறது.

வைத்தியம் வந்த விதம் இன்னும் விசித்திரம். வியன்னாவில் வாக்னர் யாவ்ரெக் என்ற மனநோய் வைத்தியர், கடுஞ்சுரம் வந்து பிழைத்த பைத்தியங்களில் சிலருக்குப் புத்தி தெளிவதை வெகுநாளாகக் கவனித்து வந்தார். 1917-ல், முதல் மகாயுத்தத்தின் நடுவில், முறைக் காய்ச்சலோடு வந்த ஒரு சிப்பாயின் ரத்தத்தை எடுத்துத் தம் நோயாளிகளுக்கு ஏற்றினார். அப்படி ஏற்றியவர்கள் ஒன்பது பேர். குளிர் நடுக்கி, காய்ச்சல் ஏறி இறங்கி, பல முறை வந்த பிறகு கொயினா கொடுத்து நிறுத்தினார். சிலர் தெளிந்து எழுந்தார்கள். பின்னால் பல நாடுகளில் இதைச் செய்தபோது காய்ச்சலாலேயே செத்தவர்களும் உண்டு. ஆயினும் நிச்சயமான சாவுக்கு முன்னால் அந்த அபாயத்துக்கு ஜனங்கள் துணிந்தார்கள். 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1943-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஜான் மஹோனி என்பவர் மேக நோய்க்குப் பெனிசிலினைக் கொடுத்துக் குணம் கண்டார். அதற்குப் பிறகு காய்ச்சல் வைத்தியம் தேவைப்படவில்லை. சக்கரவர்த்திகளின் வார்டுகளும் காலியாகத் தொடங்கின.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. காரணம் தெரியாத வரையில் அது மனநோய். பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் சொத்து. காரணம் தெரிந்த அன்றே அது மூளை நோய். வேறு டாக்டரின் சொத்து. அல்ஸைமர் கதையும் அப்படியே. ஃபிராங்க்ஃபர்ட் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு 1901-ல் அகுஸ்டே என்ற 51 வயது ஸ்திரீ வந்தாள். புருஷன் மேல் சந்தேகம், ஞாபக மறதி, அலைச்சல். அவளைப் பார்த்த அலோயிஸ் அல்ஸைமர் ஒரு மனநோய் வைத்தியர். ஆனால் பூதக்கண்ணாடியை விட்டுப் பிரியாதவர். அவள் இறந்த பிறகு மூளையை வரவழைத்துப் பார்த்து, அங்கே கண்ட முடிச்சுகளையும் படிவுகளையும் பற்றி 1906-ல் டூபிங்கனில் பேசினார். சபையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். இன்று அந்தப் பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர்?

இப்படி மூளைக் கட்சி ஜெயித்துக்கொண்டே வருகையில், அதே கட்சியின் வீட்டிலிருந்து ஒருவர் பிரிந்து போய்த் தனிக் குடித்தனம் வைத்தார். அவர்தாம் ஃபிராய்டு. மனத்தின் ஆழத்தை அளந்தவர் என்று கதை எழுதுகிற நாங்களெல்லாம் அவரைக் கொண்டாடுகிறோம். அவர் தொழிலால் நரம்பு வைத்தியர் என்பதை மறந்து விடுகிறோம். 1885-ல் பாரிஸுக்குப் போய் ஷார்க்கோ என்ற நரம்பு வைத்திய மேதையிடம் சில மாதம் பயின்றவர் அவர். 1891-ல் அவர் எழுதிய புத்தகம் கனவைப் பற்றியதல்ல. மூளையில் அடிபட்டுப் பேச்சுப் போவதைப் பற்றியது. ஷார்க்கோவின் ஆஸ்பத்திரியில் பார்த்த ஹிஸ்டீரியா நோயாளிகள்தாம் அவரை வேறு பாதையில் திருப்பினார்கள். கை விளங்காது, ஆனால் நரம்பில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே? நினைவில் இருக்கிறது, அடக்கி வைத்த துக்கத்தில் இருக்கிறது என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவருடைய சீடர்கள் அமெரிக்காவுக்குப் போய்ச் செல்வாக்கடைந்தபோது ஒரு பழக்கம் வளர்ந்தது. டாக்டருக்குக் காரணம் புலப்படாத தலைவலிக்கெல்லாம் துக்கமே காரணம் என்று சொல்லும் பழக்கம்.

அந்தப் பழக்கத்தின் நிழலில் நடந்ததுதான் ஜார்ஜ் கெர்ஷ்வினின் மரணம்.

கெர்ஷ்வின் அமெரிக்காவின் சங்கீத மேதைகளில் ஒருவர். 'ராப்ஸடி இன் ப்ளூ' என்ற உருப்படியை 1924-ல், 25 வயதில் செய்தவர். 1936-ல் சினிமாவுக்குப் பாட்டமைக்க ஹாலிவுட் வந்தார். ஓடியாடுகிற, டென்னிஸ் விளையாடுகிற, விருந்துக்குப் போனால் பியானோவை விட்டு எழுந்திராத மனிதர். 1937 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கச்சேரியில் தம்முடைய உருப்படியையே வாசித்துக் கொண்டிருந்தபோது சில நொடி நினைவு தப்பிச் சில ஸ்வரங்களை விட்டுவிட்டார். அந்தச் சமயத்தில் ரப்பர் எரிகிற நாற்றம் வந்ததாகச் சொன்னார். வேறு யாருக்கும் அந்த நாற்றம் வரவில்லை. பிறகு அது அடிக்கடி வந்தது. தலைவலி வந்தது. தலை சுற்றியது. சிடுசிடுப்பு வந்தது. அவர் முன்பே மனப் பகுப்பு வைத்தியம் செய்து கொண்டவர். ஹாலிவுட்டிலும் அப்படி ஒரு வைத்தியரிடம் போய் வந்தார். சுற்றியிருந்தவர்களுக்கு விஷயம் தெளிவாக இருந்தது: சினிமாக்காரர்களின் சகவாசம் பிடிக்கவில்லை, வேலை பிடிக்கவில்லை, மனசு முரண்டு பண்ணுகிறது. ஜூன் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சோதித்தார்கள். முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பியபோது, ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று குறிப்பெழுதினார்கள்.

ஜூலை 9-ஆம் தேதி அவர் நினைவிழந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நாட்டிலேயே பெயர் பெற்ற மூளை ரண வைத்தியரான வால்ட்டர் டாண்டி அப்போது கிழக்குக் கரையில், கடலில் ஒரு படகில் விடுமுறையைக் கழித்துக் கொண்டிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து விமானத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அவர் கண்டத்தைக் கடந்து வரும் வரையில் காத்திருக்க நோயாளியால் முடியாது என்றாகி, லாஸ் ஏஞ்சல்ஸிலேயே அறுத்தார்கள். வலது பொட்டுக்கு உட்புறம் மூளையில் பெரிய கட்டி. ஜூலை 11-ஆம் தேதி காலையில் கெர்ஷ்வின் இறந்தார். வயது 38.

இல்லாத நாற்றம் மூக்கில் அடித்து, கனவு போல ஒரு நொடி நினைவு மங்குவது ஒருவகைக் காக்காய் வலிப்பு என்றும், பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப் பகுதியில் கோளாறு இருந்தால் அது வரும் என்றும் லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் என்ற மேதை பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். நாற்பது வருஷத்துப் பழைய பாடம். நியாயத்தையும் சொல்லி விடுகிறேன். அந்தக் கட்டி பொல்லாத கட்டி. பிப்ரவரியிலேயே கண்டுபிடித்திருந்தாலும் அந்தக் காலத்து வைத்தியத்தால் நெடுநாள் காப்பாற்றியிருக்க முடியாது என்றே டாக்டர்கள் பலர் எண்ணுகிறார்கள். இருக்கட்டும். மண்டைக்குள் கட்டியோடு தத்தளித்த மனிதர் கடைசி மாதங்களில் தம் வேதனைக்குத் தம் மனசே குற்றவாளி என்று கேட்டுக்கொண்டு இருக்க நேர்ந்ததே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

மனசு வைத்தியர்தாம் இப்படித் தவறுவார், நரம்பு வைத்தியர் தவறமாட்டார் என்று எண்ண வேண்டாம். லண்டன் குயின் ஸ்கொயர் ஆஸ்பத்திரி நரம்பு நோய்க்கு உலகப் பிரசித்தி பெற்றது. ஜாக்ஸனே வேலை பார்த்த இடம். அங்கே 1950-களில் ஹிஸ்டீரியா என்று முடிவு கட்டி அனுப்பப்பட்ட 85 பேரை எலியட் ஸ்லேட்டர் என்ற மனநோய் வைத்தியர் சுமார் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு தேடிப் போய்ப் பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உடலில் நிஜமான நோய் இருந்தது, அல்லது பிறகு வெளிப்பட்டது. சிலர் இறந்தே போயிருந்தார்கள். 1965-ல் அவர் இதை வெளியிட்டபோது நரம்பு வைத்தியர்கள் மிகவும் கோபித்துக் கொண்டார்களாம். கோபம் வீண் போகவில்லை என்று சொல்ல வேண்டும். பிற்காலத்தில் செய்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1970-களுக்குப் பிறகு இப்படித் தவறுவது நூற்றுக்கு நாலு என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

மூளையைக் கரைத்துக் குடித்துவிட்டால் மட்டும் வைத்தியருக்கு விவேகம் வந்து விடுமா? இந்தக் கேள்விக்குப் பதிலாக, பாட்டியின் பேத்தி எழுதப் போகிற போர்டின் முதல் காரியதரிசியையே காட்டலாம். அவர் பெயர் வால்ட்டர் ஃப்ரீமன். நரம்பு சாஸ்திரத்தில் கரை கண்டவர். பல வருஷம் போர்டின் காரியங்களைக் கவனித்து, நாடெங்கும் இளம் டாக்டர்களைப் பரீட்சித்தவர். பரீட்சையில் தவறுகிறவர்கள் அவரைக் கண்டு நடுங்கியிருக்க வேண்டும். போர்டு பிறந்து இரண்டு வருஷத்தில், 1936 செப்டம்பரில், ஜேம்ஸ் வாட்ஸ் என்ற ரண வைத்தியரோடு சேர்ந்து, மனநோயாளியின் முன் மூளையின் நரம்புத் தொடர்களை அறுக்கும் சிகிச்சையை அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்தார். 1941-ல் பின்னாளைய ஜனாதிபதி கென்னடியின் சகோதரிக்கு அந்தச் சிகிச்சை நடந்தது. அந்தப் பெண் மீதி அறுபது வருஷத்தையும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவளாகக் கழித்தாள். 1946-ல் ஃப்ரீமன் ரண வைத்தியரும் வேண்டாம் என்று, ஐஸ் குத்தும் ஊசி போன்ற ஒரு கருவியைக் கண்ணுக்கு மேலே செலுத்தித் தாமே அறுக்கத் தொடங்கினார். வாட்ஸ் வெறுத்துப் போய் விலகினார். ஃப்ரீமன் ஊர் ஊராகக் காரில் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மூவாயிரம் பேருக்கு மேல் செய்தார். 1967-ல்தான் அவரை நிறுத்த முடிந்தது. மனசு என்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் நரம்புத் தொடர் என்ற உறுதி அவருக்கு. கெர்ஷ்வினின் டாக்டர்களுக்கு எதிர்ப்பக்கத்து உறுதி. இரண்டு உறுதிக்கும் நடுவில் அகப்பட்டது நோயாளிதான்.

இந்தச் சரித்திரத்தை எல்லாம் படித்துவிட்டு ஒருநாள் என் தங்கையின் பெண்ணிடம், "சரி, நிஜமாக உனக்கு இது எப்போது உதவும்? ஓர் உதாரணம் சொல்" என்று கேட்டேன். "நடுராத்திரியில் உதவும், மாமா" என்றாள்.

நடுராத்திரியில் ஒரு குடிகாரனைக் கொண்டுவருகிறார்கள். தள்ளாடுகிறான், உளறுகிறான். குடித்திருக்கிறான், தூங்கினால் தெளிந்து விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். கண் பக்கவாட்டில் அசையவில்லை, அல்லது துடித்துத் துடித்து ஆடுகிறது என்றால் அதை வெறும் போதை என்று விட்டுவிடக் கூடாது. கார்ல் வெர்னிக்கே 1881-ல் எழுதிய நோயாக இருக்கலாம். வெர்னிக்கே கண்ட மூவரில் இருவர் குடிகாரர்கள். மூன்றாமவள், பாவம், ஒரு தையல்காரப் பெண். கந்தகத் திராவகத்தைக் குடித்துவிட்டு, வயிறு வெந்து, எதைச் சாப்பிட்டாலும் வாந்தியெடுத்துக் கொண்டிருந்தவள். மூவரும் இறந்தார்கள். மூவருக்கும் பொதுவான குறை தயமின் என்கிற பி-1 வைட்டமின் என்பது வெகுகாலம் கழித்துத்தான் புலப்பட்டது. அந்த வைட்டமினை 1936-ல் செயற்கையாகச் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அரிசிக்குப் பெயர் போன நம் நெல்லூரில் பாதிரியார் வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர்! தவிட்டில் இருக்கிற சத்து அது. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலிருந்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கி விடுகிறது. புழுங்கலரிசிச் சோற்றுக்குள்ள பெருமை இதுதான். அந்தக் குடிகாரனுக்குக் களைப்புத் தீரட்டும் என்று முதலில் குளுகோஸை ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கிற தயமினும் செலவாகி நோய் முற்றலாம். தயமினை முதலில் ஏற்ற வேண்டும். தவறினால் பிழைத்தாலும் ஞாபகம் போய்விடும். காலையில் சாப்பிட்டதைச் சொல்லத் தெரியாமல், சாப்பிடாததைச் சாப்பிட்டதாகக் கதை சொல்லிக் கொண்டிருப்பான். ரஷ்யாவில் கோர்ஸகோவ் என்பவர் 1887-ல் விவரித்தது அந்த நிலையைத்தான். ஒரு ரூபாய் மருந்து முன்பின் மாறினால் ஒரு மனிதனுடைய ஞாபகமே போய் விடுகிறது.

"இன்னொன்று வேண்டுமானால், எங்கள் ஊரிலேயே நடந்தது இருக்கிறது" என்றாள்.

2007-ல் ஃபிலடெல்பியாவில் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பு வைத்தியரும் அவருடைய சகாக்களும் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். திடீர்ச் சித்தப் பிரமை, பிறகு வலிப்பு, பிறகு மூச்சே அடங்கும் நிலை. பெரும்பாலோருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அந்தக் கட்டியை எதிர்க்க உடம்பு தயாரித்த படை, வழி தவறி மூளையிலுள்ள என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பியின் மேல் பாய்ந்திருக்கிறது. கட்டி இல்லாமலும் இந்த நோய் வரும் என்று பிறகு தெரிந்தது. 2009-ல் நியூயார்க்கில் 24 வயதுப் பத்திரிகைக்காரி சூஸன்னா காஹாலனுக்கு வந்தது அப்படித்தான். தகப்பனார் மேலேயே சந்தேகம், கூச்சல், ஓட்டம், வலிப்பு. படங்களில் ஒன்றும் தெரியவில்லை. மனநோய் என்று எழுதிவிட எல்லாம் தயாராக இருந்த சமயத்தில் சூஹேல் நஜ்ஜார் என்ற டாக்டர் வந்தார். ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைந்து காட்டு" என்றார். அந்தப் பெண் வட்டம் போட்டாள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினாள். இடது பாதி வெறுமையாக இருந்தது. இடப் பக்கத்து உலகம் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது; ஆகவே வலது மூளை வெந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் கண்டுகொண்டார். டால்மாவின் சோதனை அதை உறுதி செய்தது. வைத்தியம் நடந்தது, சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினாள். 2012-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினாள். பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் அப்படி எத்தனை சூஸன்னாக்கள் கட்டிலோடு கட்டுண்டு மாண்டார்களோ!

"காதில் குரல் கேட்கிறது என்று வருகிறவர்களில் மிகச் சிலருக்குத்தான் இந்த நோய் இருக்கும், மாமா. மற்றவர்களுக்கு எங்கள் பழைய வைத்தியம்தான். அந்தச் சிலர் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் படிப்பு" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டாள்.

இதையெல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், "அது என்ன கடிகாரம்? எனக்கும் ஒரு காகிதம் கொடு" என்றாள்.

பெண் காகிதம் கொடுத்தாள். "பதினொன்று பத்து மணி காட்டுகிற மாதிரிப் போடுங்க, பாட்டி" என்றாள். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து போட்டாள். வட்டம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. பன்னிரண்டு எண்களும் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. முட்கள் சரியாக நின்றன. வட்டத்துக்குக் கீழே நீளமாக ஒரு பெண்டுலமும் தொங்கியது. அவள் பிறந்த வீட்டுக் கடிகாரத்துக்கு அது உண்டாம்.

"எத்தனை மார்க்கு?"

"முழு மார்க்கு, பாட்டி."

"அப்ப புரட்டாசியிலே பரீட்சையை நானே போய் எழுதிட்டு வந்துடறேன். நீ போய்க் கொஞ்சம் தூங்கு" என்றாள்.